துடைப்பம் படாத மண்

சித்தூர்
நவம்பர் 24

அன்பு மகள் கேசியாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். கர்த்தருடைய கிருபையால் இந்த மழைக்கும் சளி பிடிக்காமல், தலைசுற்றல் இல்லாமல், என் வேலையை நானே செய்துகொண்டு நலமாக இருக்கிறேன். நீயும் அந்த ஹாம்பர்க் குளிரில் காதை மூடிக்கொண்டு, வேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருக்க வேண்டும் என்று தினமும் காலை ஜெபத்தில் உன் பெயரைச் சொல்கிறேன். நீ அனுப்பிய பார்சல் வந்தது. கண்ணாடிக் குப்பிகள் ஒன்றும் உடையவில்லை. சந்தியா உனக்குப் படம் அனுப்பிவிட்டாளாம், அதைப் பார்த்து நீ ஆபீசிலேயே கத்திவிட்டாயாம். அத்தனை பேர் மத்தியில் அப்படிக் கத்தியிருக்க வேண்டாம், இருந்தாலும் சந்தோஷம்தான். படத்தில் வண்டு மட்டும்தான் இருக்கும். அது எப்படிக் கிடைத்தது, அதன் பிறகு இங்கே என்னென்ன நடந்தது என்பது அந்தப் பெண்ணுக்கே முழுதாகத் தெரியாது. போனில் சொன்னால் நீ சரிம்மா சரிம்மா என்று பாதியில் வெட்டிவிடுவாய், அதனால் தாளில் எழுதுகிறேன். வரிசையாகப் படி, கடைசிப் பக்கத்துக்குத் தாவாதே.

ஆகஸ்டில் நீ கேட்டபோது நான் சிரித்துவிட்டேன் என்று உனக்குக் கோபம். எந்தக் காலத்திலோ ஒரு பாதிரியார் கப்பலில் அனுப்பிய ஒற்றைத் தரைவண்டு உன் மியூசியத்துப் பெட்டியில் செத்துக் கிடக்கிறது, அதன் கீழே சித்தூர் என்று மட்டும் எழுதியிருக்கிறது, அதற்குப் பிறகு உலகத்தில் ஒருவரும் அதைக் கண்டதில்லை, அது என்ன தின்னும், எங்கே முட்டையிடும் என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை, நம் தோட்டத்தில் கொஞ்சம் தேடிப் பாரம்மா என்றாய். இருக்கிறது என்று தெரிந்தால் அதை வைத்து லீவும் டிக்கெட்டும் வாங்கிக்கொண்டு வருவேன், இல்லாவிட்டால் இந்த வருஷமும் வர முடியாது என்றாய். தாயைப் பார்க்க லீவு கிடையாது, வண்டைப் பார்க்க உண்டு. நல்ல தேசம். இருந்தாலும் நீ சொன்னபடியே தோட்டத்தில் கோப்பைகளைப் புதைத்தேன். வாய் விளிம்பு தரைமட்டத்துக்கு இருக்க வேண்டும், ஓடி வரும் வண்டு தெரியாமல் உள்ளே விழ வேண்டும் என்று எழுதியிருந்தாய், அப்படியே செய்தேன். எறும்பு விழுந்தது, கரப்பான் விழுந்தது, ஒரு தேரை விழுந்து என்னை முறைத்தது. உன் வண்டு விழவில்லை.

அப்புறம்தான் நீ சொன்ன அந்தச் சந்தியா திருப்பதி யுனிவர்சிட்டியிலிருந்து வந்தாள். பாலசமுத்திரத்துப் பெண், பூச்சியில்தான் டாக்டர் பட்டத்துக்குப் படிக்கிறாள், தமிழில் ஆரம்பித்துத் தெலுங்கில் முடிக்கிறாள், ஆனால் மரியாதை தெரிந்தவள். நம் தோட்டத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தாள். "மேடம், நீங்க தெனம் இப்பிடிப் பெருக்கிக்கினு இருந்தா பூச்சி எங்க குந்தும்? இங்க எறும்பே பர்மிஷன் கேட்டுக்கினுதான் வருது" என்றாள். இந்த வண்டுக்கு யாரும் உழாத, கொத்தாத, பெருக்காத மண் வேண்டும், இலை மட்கிக் கிடக்க வேண்டும், அப்படி ஓர் இடம் சித்தூரில் உண்டா என்று கேட்டாள். எங்கே பார்த்தாலும் லேஅவுட் போட்டுக் கல் நட்டுவிட்டார்கள், மிச்சமிருப்பது மாந்தோப்பு, அதிலும் மருந்து அடிக்கிறார்கள். யோசித்துப் பார்த்தேன். நம் சபைக் கல்லறைத் தோட்டத்தின் பழைய பகுதி, வேப்பமரத்துக்குப் பின்னால், வெள்ளைக்காரர் காலத்துக் கல்லறைகள் இருக்கும் இடம், அது ஒன்றுதான் நினைவுக்கு வந்தது. உன் அப்பா இருப்பதும் அங்கேதானே, முதல் வரிசையில்.

இங்கே உனக்குத் தெரியாத ஒரு விஷயம் சொல்ல வேண்டும். அந்தத் தோட்டம் முழுவதும் சிமெண்ட் கல் பாவ வேண்டும் என்று கமிட்டியை விடாமல் கேட்டுக்கொண்டிருந்தவள் நான். மழை பெய்தால் சேறு, வெயில் அடித்தால் முள், அடக்கத்துக்கு வந்தவர்கள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். ஒவ்வொரு கூட்டத்திலும் எழுந்து சொன்னேன். உன் யூனிஸ் அத்தை மட்டும் எதிர்த்தாள், வழக்கம்போல. அவள் அழுததை நான் பொருட்படுத்தவில்லை. அக்டோபரில் கமிட்டி ஒப்புக்கொண்டது, கல்லறைத் திருநாள் முடிந்ததும் வேலை ஆரம்பம் என்று முடிவாயிற்று. நான் வென்ற பிறகுதான் சந்தியா வந்தாள். வண்டு கிடைக்கிறதா பார்ப்போம், கிடைத்தால் எடுத்துக்கொண்டு போகட்டும், பிறகு கல் பாவட்டும் என்றுதான் அப்போது நினைத்தேன்.

கோப்பை வைக்கும் வேலையை நான் அவளிடம் விடவில்லை. அவள் கண்ட இடத்தில் புதைக்கப் பார்த்தாள். டீக்கடைக் காகிதக் கப் வேறு கொண்டுவந்திருந்தாள். நான் ஒரே அளவில் வெள்ளைக் கோப்பைகளாக வாங்கி, ஒவ்வொரு கல்லறையின் கால்மாட்டிலும் ஒன்று, கயிறு பிடித்து நேர் வரிசையாகப் புதைத்தேன். மழைத் தண்ணீர் விழாதபடி ஒவ்வொன்றின் மேலும் கூழாங்கல் மீது ஓட்டுச் சில்லு வைத்து, வண்டு நுழைய இடுக்கு விட்டு மூடினேன். விழும் பூச்சி கெடாமலிருக்க ஸ்பிரிட் ஊற்ற வேண்டும் என்றாள், சபை நிலத்தில் சாராய நாற்றம் கூடாது என்று மறுத்துவிட்டேன். வெறுங்கோப்பைதான். இந்த வயதில் கல்லறையில் பூச்சி பிடிக்கிறேன் என்று நாலு பேர் பேசுவது எனக்குப் பிடிக்காது, அதனால் சபைப் போதகர் ஐயரிடம் மட்டும் சொல்லி அனுமதி வாங்கினேன். அவர் சரி சரி என்று தலையாட்டிவிட்டு அன்றைக்கே மறந்துவிட்டார்.

கல்லறைத் திருநாள் அன்று என்ன நடந்தது கேள். உன் அத்தையும் பெண்கள் ஐக்கியத்தாரும் விடியும்போதே பூக்கூடையோடு போயிருக்கிறார்கள். பார்த்தால் ஒவ்வொரு கல்லறைக்கு முன்னாலும் ஒரு வெள்ளைக் கோப்பை, தரையோடு தரையாக, ஒரு நூல் பிசகாமல், தூசி படாமல் மூடி போட்டு வைத்திருக்கிறது. சித்தூரில் இப்படி வரிசை வைப்பது யார் என்று எல்லோருக்கும் தெரியுமே. "மனோரமா அண்ணி பூ வெக்கறதுக்குன்னே செஞ்சு வெச்சிருக்காங்கடி, வாய்தான் அப்பிடி, மனசு தங்கம்" என்று உன் அத்தையே சொல்லி, மூடிகளை எடுத்து ஓரமாக அடுக்கிவிட்டு, எல்லாக் கோப்பையிலும் தண்ணீர் ஊற்றிச் சாமந்தியும் ரோஜாவும் செருகிவிட்டார்கள். எனக்கு ஒன்றும் தெரியாது. நான் ஆராதனைக்குப் போய் முன் வரிசையில் உட்கார்ந்திருக்கிறேன், ஐயர் அறிவிப்பு நேரத்தில், நம் டீச்சரம்மா ஒவ்வொரு கல்லறைக்கும் தம் சொந்தக் கையால் பூச்சாடி பதித்திருக்கிறார்கள் என்று சொல்லிக் கை தட்டச் சொல்கிறார். எல்லோரும் தட்டினார்கள். உன் அத்தை எல்லோரையும்விடப் பலமாகத் தட்டினாள். நான் என்ன செய்ய? தலையை லேசாக அசைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

ஆராதனை முடிந்து போனால் சந்தியா திருப்பதி பஸ்ஸிலிருந்து இறங்கி எனக்கு முன்னாலேயே அங்கே வந்து நிற்கிறாள். கோப்பைக்குக் கோப்பை சாமந்தி. பக்கத்தில் மெழுகுவர்த்தி. அவள் ஒரு கல்லறை ஓரமாகக் குந்திக்கொண்டு, அழுகிறாளா சிரிக்கிறாளா தெரியவில்லை, "அய்யோ மேடம், உங்க வண்டுக்கு மாலையே போட்டுட்டாங்க" என்றாள். இன்னும் சில நாளில் கல் பாவ ஆள் வரப்போகிறது, வண்டு வெளியே வருவதும் இந்த மழைக்காலத்தில் மட்டும்தான், எல்லாம் போயிற்று என்று நினைத்தேன். நீ வரமாட்டாய் என்றும் ஒரு நிமிஷம் நினைத்தேன், அதை இங்கே எழுதத் தேவையில்லை, எழுதிவிட்டேன், இருக்கட்டும். பிறகு எல்லாக் கோப்பையையும் ஒரு முறை பார்த்துவிடுவோம் என்று கடைசி வரை நடந்தேன். மதிலோரம், பெயரெல்லாம் தேய்ந்துபோன ஒரு கல் உண்டே, சின்ன வயதில் நீ அதன் மேல் ஏறி உட்கார்ந்து என்னிடம் அடி வாங்குவாயே, அதன் கால்மாட்டில் இருந்த கோப்பைக்கு மட்டும் மூடி எடுக்கவில்லை. அந்த மனிதருக்குப் பூ வைக்க இந்த ஊரில் யாரும் இல்லை. மூடியை எடுத்தேன். உள்ளே சுற்றிச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தது.

சந்தியா என் கையைப் பிடித்த பிடியில் வளையல் நசுங்கிவிட்டது. அந்தக் கல்லுக்குக் கீழே இருப்பவர்தான் உன் மியூசியத்துக்கு வண்டு அனுப்பிய பாதிரியார் என்று உடனே ஒரு கதை கட்டினாள். எழுத்தே இல்லாத கல்லை வைத்துக்கொண்டு அப்படிச் சொல்லக் கூடாது, நீ ஆராய்ச்சி செய்கிறவள் என்று கண்டித்தேன். நீயும் அதை எங்கேயும் எழுதாதே. வண்டை நான் விரலால் தொட்டுப் பார்த்தேன். தொடக் கூடாதாம், சொல்வதற்கு முன் தொட்டுவிட்டேன். விரலில் சுருக்கென்றது, ஜூன் மாதத்தில் மாங்கூழ் எடுக்கும் பல்ப் ஃபாக்டரிப் பக்கமிருந்து காற்று அடித்தால் வருமே, அழுகிய மாம்பழத் தோலின் புளிப்பு நாற்றம், அது இரண்டு நாள் போகவில்லை.

வண்டை ஹார்லிக்ஸ் பாட்டிலில் ஈர இலை போட்டு விட்டு, மூடியில் துளையிட்டு, நானும் சந்தியாவோடு திருப்பதிக்குப் போனேன். மைக்ராஸ்கோப்பில் என் கண்ணால் பார்க்காமல் நம்பமாட்டேன் என்றேன். பஸ்ஸில் பக்கத்து சீட்டில் ஓர் அம்மாள், பேரனுக்கு மொட்டை போடப் போகிறாள். "இன்னாம்மா பாட்டில்ல, ஊறுகாயா?" என்றாள். வண்டு என்றேன். "வண்டா! இத்த எதுக்கும்மா டிக்கெட் எடுத்து இட்டுக்கினு போறீங்க, எங்க வூட்டுல எத்தினி வோணும் சொல்லுங்க" என்றாள். இதைப் பார்க்க ஜெர்மனியிலிருந்து ஆள் வரப் போகிறார்கள் என்று சந்தியா சொன்னாள். அந்த அம்மாள் பாட்டிலைக் கையில் வாங்கி நன்றாகப் பார்த்துவிட்டு, "நாங்க சாமியப் பாக்க க்யூல போய்க்கினு கீறோம், இத்தப் பாக்க ஜெர்மனில இருந்து வராங்களா? குடுத்து வெச்ச பூச்சிம்மா" என்று என்னிடமே திருப்பிக் கொடுத்தாள். சிரிக்கக் கூடாது என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மைக்ராஸ்கோப்பில் பார்த்ததை உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, செத்ததை நீ எத்தனையோ முறை பார்த்திருப்பாய். உயிரோடு பார்த்ததில்லையே, அதனால் சொல்கிறேன். கறுப்பு என்று நினைத்தேன், விளக்குப் பட்டதும் ஓரமெல்லாம் செம்பு. முதுகு ஓட்டில் வரிவரியாகப் புள்ளி, ஓட்டத் தையல் போட்ட மாதிரி, ஒரு தையல் பிசகவில்லை. கான்வென்டில் எங்களுக்குத் தையல் சொல்லித்தந்த மதர் பார்த்திருந்தால் பிரித்துத் தைக்கச் சொல்ல வழியே இருந்திருக்காது. அப்போது சந்தியா சொன்னாள், அந்த ஓடு இரண்டும் நடுவில் ஒட்டியே இருக்கிறதாம், அடியில் சிறகே கிடையாதாம். "மேடம், இது பறக்காது. பொறந்த எடத்துலயே நடந்துக்கினு, துன்னுக்கினு, அங்கியே சாவும். நீங்க மேல கல்லு போட்டா வேற எங்கியும் போவாது" என்றாள். யார் கல் போடச் சொன்னது என்று அவளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியுமே. அதன் பிறகு பஸ் ஸ்டாண்டு வரை கொண்டுவிட வந்தவளிடம் வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் பஸ் ஏறிவிட்டேன், பாவம், நான் கோபமாக இருக்கிறேன் என்று நினைத்திருப்பாள்.

சித்தூரில் இறங்கி நேரே கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். கேட்டுக்குப் பக்கத்தில் சிமெண்ட் கற்கள் வந்து குவிந்திருந்தன. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் கமிட்டியைக் கூட்டச் சொன்னேன். ஆசிர்தானே இப்போது செயலாளர், என்னிடம் படித்த பையன், இன்னும் என்னைப் பார்த்தால் சட்டைப் பொத்தானைத் தடவிப் பார்க்கிறான். பழைய பகுதியில் கல் பாவ வேண்டாம் என்றேன். "டீச்சர், நீங்கதானே கேட்டீங்க?" என்றான் ஆசிர். காரணத்தைச் சொன்னேன், கோப்பை பூச்சாடி அல்ல என்பதையும் சேர்த்து. உன் அத்தை எழுந்தாள். "ஏன் அண்ணி, அந்த மண்ணுல எங்க அண்ணன் படுத்துக்கினு இருக்காரு, அவர் மேல கல்லப் போடாதீங்கன்னு நான் அழுதேன், அப்ப சேறு, முள்ளுன்னு எனக்குக் கிளாஸ் எடுத்தீங்க. இப்ப ஒரு பூச்சி சொன்னா கேக்கறீங்களா?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள், ஐயரும் சிரித்தார். நான் உட்காரவில்லை. "யூனிஸ் சொன்னதே சரி" என்றேன். நான் கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து இந்த வார்த்தையை உன் அத்தை என் வாயில் கேட்டதில்லை, அப்படியே உட்கார்ந்துவிட்டாள். மினிட்ஸில் எப்படி எழுதுவது டீச்சர் என்றான் ஆசிர். கேட்டவளே வேண்டாம் என்கிறாள் என்று எழுது, பிழை இல்லாமல் எழுது என்றேன். கேட்டிலிருந்து வேப்பமரம் வரை பாதையும் புதிய பகுதியும் மட்டும் கல் பாவுவது, வேப்பமரத்துக்குப் பின்னால் ஒரு கல்லும் கூடாது என்று முடிவாயிற்று.

அதோடு முடிந்தது என்று நினைத்தேன். உன் அத்தை விடுவாளா? சந்தியாவின் நம்பரை வாங்கி அங்கேயே போன் போட்டு, இன்னும் என்னென்ன கூடாது என்று எல்லோர் முன்னாலும் கேட்டாள். இலையை எடுக்கக் கூடாது, புல்லைப் பிடுங்கக் கூடாது, சோப்புத் தண்ணீர் கூடாது என்றாள் அவள். "கேட்டுக்கினீங்களா அண்ணி, தொடப்பம் கூடாதாம்" என்றாள் உன் அத்தை. அந்தத் தடை அப்பாவின் கல்லறைக்கும் சேர்த்துத்தான் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவரை அங்கே வைத்த நாளிலிருந்து ஒரு சனிக்கிழமை தவறியதில்லை, பெருக்கி, கல்லைக் கழுவித் துடைத்து வைப்பேன், சித்தூரில் சுத்தமான கல்லறை எது என்று கேட்டால் அதைத்தான் காட்டுவார்கள். அதையும் விட வேண்டும். சரி என்றேன். ஆனாலும் அடுத்த சனிக்கிழமை கை தானாகவே துடைப்பத்தை எடுத்துக்கொண்டது. ஆட்டோ ஹரிபாபு, "அம்மா, தொடப்பம் ஆட்டோலயே இருக்கட்டும், யூனிஸம்மா என்கிட்ட சொல்லி வெச்சுக்கீறாங்க" என்று வாங்கிப் பின்னால் போட்டுவிட்டான். ஊரெல்லாம் எனக்குக் காவல்.

இப்போது போனால் பக்கத்துக் கல்லின் விளிம்பில் வெறுங்கையோடு உட்கார்ந்திருக்கிறேன். முதல் நாள் கை பரபரத்தது. வேப்பிலை, சருகு, காக்கை போட்ட குச்சி, எல்லாம் அவர் மேல் அப்படியே கிடக்கிறது. உன் அப்பா பேப்பரை விரித்தபடியே போட்டுவிட்டுப் போவார், நான் பின்னாலேயே மடித்துக்கொண்டு போவேன், கொஞ்ச நேரம் அப்படியே கிடக்கட்டுமே மனோ என்பார். ஒரு நாளும் கேட்டதில்லை. இப்போது கிடக்கட்டும் என்று விட்டிருக்கிறேன். பார்க்க அவ்வளவு மோசமாகவும் இல்லை. உன் அத்தையும் சில நாள் வந்து உட்காருகிறாள். வண்டுக்கு டீச்சர் பூச்சி என்று பெயர் வைத்துவிட்டாள், கறுப்பாக இருக்கிறது, விறுவிறு என்று நடக்கிறது, தொட்டால் எரிகிறது, வேறென்ன பெயர் வைப்பது என்கிறாள். சபைப் பிள்ளைகளெல்லாம் அப்படியே கூப்பிடுகின்றன. நீ வரவேண்டும் என்பதற்காகத்தான் நான் கல்லை நிறுத்தினேன் என்றும் சொல்லித் திரிகிறாள். நீ அதை நம்பாதே. நான் நன்றாகத்தான் இருக்கிறேன், எனக்கு ஒருவர் வந்து பார்க்க வேண்டிய நிலைமை ஒன்றும் இல்லை.

மற்றபடி இங்கே மழை நல்ல மழை. பின்பக்கத்து ஓடு மாற்றியாயிற்று, ஒழுகவில்லை. நீ இரவு சாப்பாட்டுக்கு ரொட்டியைத் தின்றுவிட்டுப் படுக்காதே, சோறு வடிக்க எவ்வளவு நேரம் ஆகும்? ஞாயிற்றுக்கிழமை ஆலயத்துக்குப் போ, பாஷை புரியாவிட்டாலும் உட்கார். யூனிஸ் அத்தைக்கு ஒரு போன் போடு, அவளுக்கு நன்றி சொல்ல வேண்டியவள் நீ, நானும்தான், ஆனால் நான் சொல்லியாயிற்று. உன் போக்கும் வரத்தும் பத்திரமாக இருக்கவும், உன் கை செய்யும் வேலை வாய்க்கவும் கர்த்தர் உன்னை ஆசீர்வதிப்பாராக.

உன் அம்மா,
மனோரமா இயேசுதாசன்

பி.கு.: போன சனிக்கிழமை மூடாக்கு, தூறல், பொழுது இறங்கும் நேரம். அப்பாவின் காலடியில் கிடந்த சருகு அசைந்தது. டீச்சர் பூச்சிதான், இன்னொன்று. குடையைப் பிடித்தபடி அசையாமல் பார்த்தேன். அது என்ன தின்கிறது, எப்படிப் பிடித்துத் தின்கிறது என்பதை ஆரம்பத்திலிருந்து கடைசி வரை என் கண்ணால் பார்த்துவிட்டேன். உன் புத்தகம் எதிலும் இல்லை என்றாயே, அதுதான். சந்தியாவிடம் சொல்லவில்லை. இதிலும் எழுதப் போவதில்லை. ஜனவரி வரை மண்ணில் ஈரம் இருக்குமாம். வந்து கேட்டுக்கொள்.